பெரிய மார்க்கெட் பக்கத்துத் தகவல் மேசை

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



பெரிய மார்க்கெட் பக்கத்துல நம்ம கூட்டமைப்புக்கு இருக்கிற சின்ன ரூமில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரு தகவல் மேசை போட்டு உட்கார்ந்து வருகிறோம். காலையில பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும். ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு நோட்டு, அவ்வளவுதான். வேற வேற குழுவைச் சேர்ந்த மூணு பேர் முறை வச்சு உட்காருகிறோம். அதில் நான் ஒருத்தி. இந்த மேசையை அடுத்த வருஷமும் வைக்கணுமா, இல்லை எடுத்துவிட்டு அந்த இடத்துல ஊறுகாய், வத்தல், மசாலா விற்கிற கடை போடலாமா என்று இன்னைக்கு மதியம் தீர்மானம் எடுக்கப் போறாங்க. அதனால் அங்கே என்ன நடக்குதுன்னு உட்கார்ந்தவங்களே வந்து சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்காங்க.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லணும். போர்டுல குபேர் அங்காடி என்று இருக்கும், நம்ம வாயில அது பெரிய மார்க்கெட்தான். நேரு வீதியில் நடந்து உள்ளே நுழைந்தால் பூ ஒரு பக்கம், காய்கறி ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், நடுவுல மணிக்கூண்டு. பாகூர் பக்கத்திலிருந்து கீரைக்கட்டு வரும், கடலோர ஊர்களிலிருந்து மீன் கூடை வரும், வில்லியனூர் பக்கத்திலிருந்து காய் வரும். அதோடு பெண்களும் வருவாங்க. புதுச்சேரியில எல்லா கொம்யூன் பெண்களும் யாரும் கூப்பிடாமலே ஒரே இடத்துல கூடுகிறாங்கன்னா அது பெரிய மார்க்கெட்தான். ஆபீஸுக்குப் போக நல்ல புடவை கட்டணும், வீட்டில் காரணம் சொல்லணும். மார்க்கெட்டுக்குப் போக யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம்.

அங்கே பேச்சு காய் விலையோடு நிற்காது. "உங்க ஊர்ல விதவைப் பென்ஷன் வந்துடுச்சா?" "பேத்திக்கு சாதிச் சான்றிதழ் எங்க எழுதிக் கொடுக்கணும்?" "மருமகனைக் குடியிலிருந்து நிறுத்த எந்த ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போனாங்க?" இப்படித்தான் போகும். நாங்கள் மேசை போடுவதற்கு முன்னாலேயே அங்கே விசாரணை நடந்துகொண்டுதான் இருந்தது. பதில் சரியாக இருந்ததா என்பதுதான் சந்தேகம்.

நான் பிறந்த ஊர் விழுப்புரம் மாவட்டம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே 2021ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, தலைவர் இருக்கார், வார்டு மெம்பர் இருக்காங்க. என் அண்ணிக்கு ஒரு கையெழுத்து வேணும்னா மெம்பர் வீட்டு வாசல்ல போய் நின்னுடுவாங்க. இங்கே கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நம்ம ஊரில் அப்படிப் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. புதுச்சேரியில 1968ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழித்து 2006ல். அவர்களுடைய காலம் 2011ல் முடிந்துபோச்சு. அதுக்கப்புறம் நடக்கவே இல்லை. கொம்யூன் ஆபீஸ் இருக்கு, அதிகாரிகள் இருக்காங்க. ஆனா நம்ம தெருவிலேயே குடியிருந்து, ராத்திரி எட்டு மணிக்கும் கதவைத் தட்டலாம் என்கிற மாதிரி ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள் இல்லை. எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குப் போகலாம், அங்கே போகவும் தெரிந்தவங்க ஒருத்தர் வேணும். இந்த இடைவெளியில்தான் நம்ம மேசை நிற்குது. இதைச் சொல்லாமல் மேசை எதுக்கு என்பதைச் சொல்ல முடியாது.

"இப்பதான் எல்லார் கையிலும் போன் இருக்கே" என்று நிர்வாகக் குழுவிலேயே ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். போனில் எல்லாம் வருது. பொய்யும் அதே போனில்தான் வருது. "இந்த லிங்க்கை அழுத்தினால் பெண்களுக்கு ஐயாயிரம்" என்று வந்த மெசேஜைக் காட்டி, அழுத்தலாமா என்று கேட்க வந்தவங்க எத்தனையோ பேர். அழுத்திவிட்டு வந்தவங்களும் உண்டு. குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் திட்டம் 2023ல் தொடங்கினாங்க. அரசின் வேற எந்த உதவித்தொகையும் வாங்காத வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு என்று அப்போது விதி வச்சாங்க. இந்த ஒரு வரி புரியாமல் எத்தனை பேர் அலைந்தாங்க தெரியுமா? முதியோர் பென்ஷன் வாங்குகிற அம்மா ஒருத்தர் நாலு முறை விண்ணப்பம் கொடுத்திருக்காங்க. போன் திட்டத்தைச் சொல்லும். உனக்கு அது பொருந்துமா பொருந்தாதா என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்.

இது நாம புதுசா கண்டுபிடிச்சது இல்லை. நம்ம புதுச்சேரியிலேயே இதற்கு முன்னோடி இருக்கு. 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வச்சு, சுற்று ஊர்களில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. இன்டர்நெட் என்ற பேரே நம்ம பக்கம் தெரியாத காலம். என் மாமியார் அந்தக் கதையைச் சொல்லுவாங்க. இடத்தை ஊரே இலவசமாகக் கொடுக்கணும், எல்லா சாதிக்காரங்களும் அங்கே வரமுடியணும், இதுதான் நிபந்தனை. மையத்தைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரங்களையே தன்னார்வலராக எடுத்தாங்க, பெண்களுக்கும் அதில் பெரிய பங்கு. என்னை மாதிரி எட்டாவது, பத்தாவது படித்தவங்கதான்.

எம்பலத்தில் அந்த மையம் கோயில் கட்டடத்திலேயே இருந்தது. கோயிலுக்கு ரெண்டு கதவு. ஒரு கதவு வழியாக தலித் மக்கள் போகக்கூடாது, தீட்டு நேரத்தில் பெண்கள் போகக்கூடாது. இன்னொரு கதவு கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு. அதில் யாரும் போகலாம். ஒரே சுவரு, ரெண்டு கதவு. கம்ப்யூட்டர் வந்தது பெரிய விஷயம்தான், ஆனா எனக்கு அதைவிடப் பெருசாகத் தெரிவது அந்த ரெண்டாவது கதவு.

கடலோர ஊர்களில் அலை எவ்வளவு உயரம் வரும் என்று அமெரிக்கக் கடற்படையின் இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னாங்க. வீராம்பட்டினத்துல தினமும் கேட்கும். கடலுக்குப் போறவங்க கேட்டுட்டுத்தான் போவாங்க. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு நல்லவாட்டுல நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். இங்கே கடல் தண்ணி ஊருக்குள்ள வர ஆரம்பிச்சிருக்கு. ஊர்க்காரங்க அறிவு மையத்துக் கதவை உடைச்சு, உள்ளே இருந்த ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னாங்க. வீடு போச்சு, படகு போச்சு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்த அந்த ஊரில் உயிர் தப்பிச்சது.

இதில் நான் கவனிப்பது வேற ஒண்ணு. ஒலிபெருக்கி எந்த ஊரிலும் இருக்கும், கட்சிக்காரங்ககிட்டயும் இருக்கும். ஆனா அந்தக் குழாயிலிருந்து வருகிற பேச்சு உண்மையாக இருக்கும் என்று தினம் தினம் கேட்டுப் பழகிய ஊர் அது. அதனால் "ஓடு" என்றதும் நின்று கேள்வி கேட்காமல் ஓடினாங்க.

இனி நம்ம மேசைக்கு வருகிறேன். நடந்ததில் ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், ஊர் பேர் சொல்ல மாட்டேன்.

கீரை விற்கிற ஒரு அம்மா. மகள் கம்பெனி வேலைக்குப் போகுது, அதனால் பேரனை மார்க்கெட்டுக்குத் தூக்கிட்டு வருவாங்க. ரெண்டரை வயசு. சாக்கை விரித்து உட்கார வச்சா அப்படியே இருப்பான். "தங்கம் மாதிரி பையன், ஒரு தொல்லையும் இல்லை" என்று அந்த வரிசையே கொஞ்சும். எங்க மூணு பேரில் ஒரு அக்காவின் அண்ணன் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவங்க ஒருநாள் கீரை வாங்கும்போது பையன் பின்னாடி ஒரு தகர டப்பா விழுந்தது. வரிசையில் எல்லாரும் திரும்பினாங்க, பையன் திரும்பவில்லை. அக்கா அப்போது ஒண்ணும் சொல்லலை. அடுத்த தடவை போனபோது அவன் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தாங்க. மூணாவது தடவைதான் பாட்டியிடம் பேச்செடுத்தாங்க.

பாட்டிக்குக் கோபம் வந்துடுச்சு. "எங்க வீட்டுக்காரரும் நாலு வயசுலதான் பேசினாராம்" என்று சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களே மேசைக்கு வந்தாங்க. ராத்திரி வீட்டில் தட்டிப் பார்த்தாங்களாம்.

இப்போது நாம என்ன சொல்லணும்? "ஜிப்மருக்குப் போங்கம்மா" என்று சொல்லி அனுப்பலாம். ஒரு வரியில் வேலை முடிஞ்சிடும். ஆனா அந்த அம்மாவால போக முடியாது. ஓ.பி. சீட்டு வாங்க கோரிமேட்டில் காலையிலேயே போய் நிற்கணும். அவங்க அந்த நேரத்தில்தான் கீரை இறக்குவாங்க. ஒருநாள் விற்காவிட்டால் கீரை வாடிப்போகும், மறுநாள் முதலுக்குக் காசு இல்லை. மகளுக்கு லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பாங்க. எந்த நோட்டீஸிலும் இதெல்லாம் இருக்காது. கடைசியில் என்ன செய்தோம் என்றால், பக்கத்துக் கடைக்காரங்க ரெண்டு பேர் அன்னைக்குக் கீரையை வித்துக் கொடுத்தாங்க, அந்த அக்கா கூடவே போனாங்க. காது பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதுதான் எடுக்கணுமாம். பையன் தூங்கினால்தானே? மார்க்கெட் சத்தத்தில் நல்லாத் தூங்குகிறவன் அங்கே போய் கண்ணை முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். மூணு தடவை போக வேண்டியதாச்சு.

ரெண்டு காதும் மிகக் குறைவாகத்தான் கேட்குது என்று தெரிந்தது. காது கேட்டால்தான் பேச்சு வரும், சின்ன வயசிலேயே மெஷின் வச்சுப் பயிற்சி கொடுத்தால்தான் பலன் அதிகம், வயசு ஏற ஏறக் குறையும் என்று டாக்டர் சொன்னாங்க. இப்போது மெஷின் வச்சிருக்காங்க. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ரெண்டு நாள் போகணும். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கோம். இதோடு எல்லாம் சரியாயிடுச்சு என்று நான் சொல்ல மாட்டேன். பையன் இன்னும் பேசலை. பஸ் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கிறான், மெஷினைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் அடி, உதை என்று வருகிறவங்களுக்கு 181. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று எத்தனையோ பெண்கள் பேசாமல் இருந்துடறாங்க. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கணும். அதற்கு 15100. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. கவனிக்க ஆளில்லாத முதியவர்களுக்கு 14567. இந்த நாலு நம்பரையும் குழுவின் தீர்மான நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

இன்னொரு வகை ஆட்களும் மேசைக்கு வருவாங்க என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. உதவி கேட்டு இல்லை, உதவி செய்ய. நேரு வீதியில் கடை வைத்திருக்கிறவங்க, ரிட்டயர் ஆன டீச்சர், காலேஜ் என்.எஸ்.எஸ். பிள்ளைங்க. "எங்களுக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு, யாருக்குச் செய்யறது?" என்று கேட்பாங்க. அவங்களும் வழி தெரியாதவங்கதான்.

வழி தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாகப்பட்டினத்தைச் சொல்லலாம். சுனாமி முடிந்து நாடு முழுக்க இருந்து லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. பழைய பேண்ட்டும் ஸ்வெட்டரும் நம்ம மீனவப் பெண்களுக்கு எதுக்கு? ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. டெல்லியில் இருக்கிற கூஞ்ச் என்ற அமைப்பு அந்த மாதிரி வீணான துணிகளை எடுத்துப் போய்த் துவைத்து, பெண்களுக்கு மாதவிலக்குத் துணியாகவும் வேற பொருளாகவும் மாத்தினாங்க. இன்னொரு பக்கம், நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து ஒரே ஊருக்கு எல்லாரும் பாத்திரம் கொடுத்தால் அடுத்த ஊர் என்ன செய்யும்? அதனால் 2005 ஜனவரியிலேயே சிநேகா அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ஒரு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கினாங்க. எந்த ஊருக்கு என்ன வேணும், எந்த நிறுவனத்திடம் என்ன இருக்கு என்று ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற இடம். பிறகு ஊர்ப் பக்கத்திலேயே கிராமத் தகவல் மையங்களும் வச்சாங்க.

நம்ம ஊரில் சுனாமி வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிறந்தநாள், திதி என்று எல்லாரும் டவுனில் இருக்கிற ஒரே இல்லத்துக்குப் பிரியாணி கொண்டுபோவாங்க. ரெண்டு பஸ் மாறிப் போகிற ஊரில் இருக்கிற இல்லத்தில் அன்னைக்கும் ரசம் சோறுதான். ஒரு கடைக்காரர் முதியோர் இல்லத்துக்குப் புடவை கொடுக்கிறேன் என்று வந்தார். நாங்கள் அங்கே போன் பண்ணிக் கேட்டோம். "புடவை பீரோ நிறைய இருக்கு. படுக்கையில் இருக்கிற பாட்டிகளுக்கு டயாபரும் சோப்பும்தான் வேணும்" என்றாங்க. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். டயாபரைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்க முடியாதில்லையா? ஆனா வாங்கிக் கொடுத்துட்டார், நல்ல மனுஷன். என்.எஸ்.எஸ். பிள்ளைங்களை வெள்ளிக்கிழமை வரச் சொல்லி விண்ணப்பம் எழுத வைக்கிறோம். மரம் நட்டு போட்டோ எடுக்கிறதைவிட அது அவங்களுக்கே பிடிச்சிருக்கு.

இனி கஷ்டங்கள். மேசை மார்க்கெட் பக்கத்துல இருப்பது வசதி, அதுவே தொல்லையும். காலையில பத்தரைக்கு ஒரு பெண் தன் புருஷனைப் பற்றி அழுதால், அவள் பஸ் ஏறுவதற்கு முன்னாடி செய்தி அவள் ஊருக்குப் போயிடும். அதனால் ரூமுக்குள்ள ஒரு பழைய புடவையைத் தடுப்பாகக் கட்டியிருக்கோம். நோட்டில் பேர் எழுதுவதில்லை, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யார் என்பது எங்க மூணு பேருக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்வதில்லை.

நிறுவனங்களின் பட்டியல் ஒன்று வச்சிருக்கோம். நேரில் போய்ப் பார்க்காத இடத்துக்கு யாரையும் அனுப்புவதில்லை. இதற்குக் காரணம் இருக்கு. தையல் பயிற்சி தருகிறோம் என்று ஒரு இடத்தில் நம்ம பெண்களிடம் ஆதார் நகல், போட்டோ, கையெழுத்து எல்லாம் வாங்கினாங்க. அதோடு சரி, மிஷினும் வரலை, ஆளும் வரலை. நம்மகிட்ட இருக்கிற நம்பர்களும் ஆறு மாசத்துல பழசாகிவிடும். அதிகாரி மாறுவார், ஆபீஸ் இடம் மாறும். பட்டியலை எழுதியது ஒரு வாரம், அதைச் சரியாக வைத்திருக்கிறதுதான் வருஷம் முழுக்க வேலை. யாரையாவது அனுப்பினால் பதினைந்து நாளில் திரும்பக் கேட்கிறோம், போனீங்களா, என்ன சொன்னாங்க என்று. பாதிப் பேர் பாதி வழியில் நின்றிருப்பாங்க, ஒரு ஜெராக்ஸ் இல்லை என்பதற்காக.

கடை போட்டால் வருமானம் வரும் என்பதை நான் மறுக்கலை. நானும் ஊறுகாய் போடுகிறவள்தான். ஆனா நம்ம குழுக்களில் தவணை எப்போது நிற்குது என்று பாருங்க. ஊக்குநர் அக்காக்களுக்குத் தெரியும். வீட்டில் யாராவது படுக்கையில் விழுந்தால் நிற்குது, புருஷன் விட்டுட்டுப் போனால் நிற்குது. அரசு உதவி இருக்குன்னு தெரியாமல் தனியாரிடம் வட்டிக்கு வாங்கினால், அந்த வட்டிக்காரனுக்குக் கொடுத்துட்டு நமக்கு நிறுத்துவாங்க. குழுக் கடன் வசூலாகணும் என்றால்கூட இந்த மேசை வேணும். ஊறுகாயை மேசையின் இன்னொரு ஓரத்தில் அடுக்கி வைக்கலாம், யார் வேண்டாம் என்றது?

நிர்வாகக் குழுவிடம் நாங்கள் கேட்பது மூணு. உட்காருகிறவங்களுக்கு பஸ் காசும் டீயும். சம்பளம் கேட்கலை, ஆனா கைக்காசைப் போட்டு எத்தனை நாள் வர முடியும்? ரெண்டாவது, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ரெண்டு பேர் முறைக்கு வரணும், மூணு பேரால் ஓட்ட முடியாது. மூணாவது, கூட்டமைப்பின் பேரில் ஒரு போன் நம்பர். இப்போது என் சொந்த நம்பர்தான் கொடுத்திருக்கோம், ராத்திரி பதினோரு மணிக்கும் அடிக்குது.

முறைக்கு வர விருப்பம் உள்ளவங்க விழா முடிந்ததும் வாசல் பக்கம் இருக்கிற நோட்டில் பேரையும் குழுவின் பேரையும் எழுதிவிட்டுப் போங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை நெட்டப்பாக்கம் பக்கத்துக் குழுவின் முறை. ரூம் சாவி பூ வரிசையில் நம்ம உறுப்பினர் அக்காவிடம் இருக்கும். வருகிறவங்க கண்ணாடி எடுத்துட்டு வாங்க, விண்ணப்பத்தில் எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கு.